ஆறரை மணி ஜோடிக்குரல்

சாவதற்குள் ஒரு தடவையாவது இந்த ஊர் தன் குரலைச் சந்தோஷமாகக் கேட்க வேண்டும் என்று லூர்துபிரகாஷ் முடிவு செய்தது ஒரு கல்யாண வரவேற்பில், ஐஸ்கிரீம் வரிசையில் நின்றுகொண்டு. பெரிய முடிவுகளை நிற்கிற இடத்திலேயே எடுத்துவிடுவது அவர் வழக்கம். அதற்கப்புறம் அலைவது மற்றவர்கள் வேலை.

குரலுக்கு ஒரு குறையும் கிடையாது. கனமான குரல், ஈரமான குரல், அவசரமே இல்லாத குரல். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குரல் ஒரே ஒரு வேலையைத்தான் பார்த்திருக்கிறது. பங்குக் கோயிலில் துக்க மணி அடித்து ஓய்ந்ததும் கோபுரத்து ஒலிபெருக்கியில் "அன்பார்ந்த இறைமக்களே" என்று வருவது அவர்தான். இன்ன தெரு, இன்னார் மகன், இன்னார் கணவர், இத்தனை மணியளவில் இறைவனடி சேர்ந்தார், அடக்கம் எப்போது என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லுவார். கேட்டவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். மின்துறையில் முப்பத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றாரே, அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஊருக்கு அவர் சாவு சொல்கிறவர். முடிந்தது கதை.

போனில் அவர் "ஹலோ" என்றால் எதிர்முனையில் "யாரு போயிட்டா?" என்று கேட்பார்கள். காஸ் சிலிண்டர் பதிவு செய்யக் கூப்பிட்டபோதே அப்படிக் கேட்டிருக்கிறார்கள். உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு போனால், படுத்திருப்பவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். வீட்டுக்காரர்கள் வராந்தாவிலேயே பழத்தை வாங்கிக்கொண்டு, "இப்பத்தான் கண் அசந்தாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். சொந்த அண்ணன் ஜோசப் ஆனந்த், கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இருடா. ஆனா பேசாத" என்றார். மூன்று நாள் லூர்துபிரகாஷ் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் கோயில் மைக்கில் பேசினார்.

அந்த அண்ணன் மகள் லினெட்டின் கல்யாண வரவேற்புதான் அது. தகப்பன் இல்லாத பெண். சித்தப்பா ஒரு வாழ்த்துப் பாட்டாவது பாட வேண்டாமா? மைக் சும்மா கிடந்தது. எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்பார்ந்த" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கே மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். முன்வரிசையில் ஒருத்தர் வாயில் இருந்த கட்லெட்டோடு சிலுவை போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் திண்டிவனத்துக்காரர்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மற்றவர்கள் நிற்கிறார்களே என்று அவர்களும் எழுந்தார்கள். மேடையிலிருந்து லினெட் தானே இறங்கி வந்தாள், தரையில் புரளும் வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சித்தப்பாவின் கையிலிருந்து மைக்கை மெதுவாக, குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல வாங்கினாள்.

"ஐஸ்கிரீம் சாப்டீங்களா சித்தப்பா?" என்றாள்.

அதனால்தான் ஐஸ்கிரீம் வரிசை.

மறுநாளே கோயிலுக்குப் போய் இனிமேல் தான் அறிவிப்பதற்கில்லை என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டார். சாமியார் காரணம் கேட்டார். "தொண்டை" என்றார் லூர்துபிரகாஷ். ஜெபம் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருந்த உபதேசியார் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்ட பத்தாம் நாள், போனவர் பெயருக்குப் பதிலாகப் பூசைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவர் பெயரைப் படித்து, கடையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு அடக்க நேரம் குறித்துவிட்டார். அதெல்லாம் லூர்துபிரகாஷ் காதில் விழவில்லை. அவர் காது வேறு இடத்தில் இருந்தது.

"சகாயம்."

"ம்."

"ரேடியோல ஜோடிப்பாட்டுப் போட்டி வச்சிருக்காங்களாம்."

மனைவி சகாயசெல்வி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எந்த ரேடியோ? நம்ம வீட்டு ரேடியோ செத்து பத்து வருஷம் ஆகுது. நீங்கதான் அறிவிக்க மறந்துட்டீங்க."

"போன்லயே கேக்கலாம். காலாப்பட்டு ரோட்டுல ஒரு காலேஜ்ல நடத்துறாங்க. கடற்காற்று வானொலின்னு பேரு. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறரை மணிக்கு ஜோடிக்குரல். அம்பது வயசுக்கு மேல உள்ள புருஷன் பொண்டாட்டி சேந்து பாடணும். பாட்டும் நாமளே எழுதணும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பாடறதுக்குத்தான்."

"முப்பத்தோரு வருஷமா சேந்து பேசறதே பெரும்பாடா இருக்கு. இதுல பாட வேற பாடணுமா?"

"நீ கான்வென்ட்ல பாட்டுக் குழுவுல இருந்தவதான?"

"இருந்தேன். சகாயம், உயரமா இருக்க, பின்னாடி நில்லு, வாய மட்டும் அசைன்னாங்க சிஸ்டர். எட்டு வருஷம் அசைச்சேன்."

"ஒரே ஒரு பாட்டும்மா."

"ஒரே ஒரு பதில்தான். முடியாது. அவ்ளோ ஆசையா இருந்தா வேற பொண்டாட்டியப் பாத்துக்குங்க."

பெண்டாட்டி பேச்சைக் கேட்காதவர் என்று லூர்துபிரகாஷை யாரும் குறை சொல்ல முடியாது. அன்று சாயங்காலமே பார்த்துவிட்டார்.

வேற பொண்டாட்டியின் பெயர் சூசை. வயது அறுபத்தொன்று. மில் மூடிய பிறகு வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற வேலை. மனைவியை இழந்தவர். நரைத்த மீசை ஒன்று உண்டு, அதை வேலைக்கு எடுக்கும் பிரஷ் என்று நினைத்தாலும் தப்பில்லை. ஆனால் வாலிபத்தில், தவக்காலத்தில் இயேசு சிலுவையில் அறையப்படும் பாஸ்கா நாடகத்தில், பதினாலு வருஷம் மகதலா மரியாவாக நடித்தவர். பெண்களை மேடை ஏற்றாத காலம் அது. அவர் சிலுவையடியில் விழுந்து அழுகிறபோது வைத்திக்குப்பத்து மீனவப் பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுவார்கள். தொப்பை வந்ததும் வேஷத்தை வாங்கிக்கொண்டார்கள். குரலை யாரும் வாங்கவில்லை. அது அப்படியே உள்ளே இருந்தது.

"சூசை, நீ எனக்குப் பொண்டாட்டியா வரணும்."

சூசை சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "முத பொண்டாட்டி என்ன ஆச்சு?"

"பாடமாட்டேங்குறா. ரேடியோல குரல்தானடா. மீசையா தெரியப் போகுது?"

"எனக்கு என்ன கெடைக்கும்?"

"பேரு."

"என் பேரா வரப்போகுது? உன் பொண்டாட்டி பேருதான வரும்?"

லூர்துபிரகாஷ் யோசித்தார். "மட்டன் பிரியாணி வாங்கித் தர்றேன்."

"லெக் பீஸ் மாதிரி எதுனா பாத்து வாங்கு" என்று சூசை சுரண்டியைக் கீழே வைத்தார். கல்யாணம் நிச்சயமாயிற்று.

பாட்டை லூர்துபிரகாஷே எழுதினார். காதல் பாட்டு. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக ஒரே மாதிரித் தமிழைப் பேசிய கை, பேனா பிடித்தாலும் அதையேதான் எழுதும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

*அன்பு நிறைந்தவளே, பண்பு மிகுந்தவளே,*
*மாலை நாலு மணியளவில் என் மனம் சேர்ந்தவளே,*
*உன் இல்லத்தில் புறப்பட்டு என் இல்லம் வரையிலே*
*ஊர்வலமாய் வந்தவளே...*

சூசை படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இதுல அவ உசுரோட இருக்காளா?"

"ஏன்டா?"

"எங்கியும் எந்திரிக்கவே இல்லியே."

"காதல் பாட்டுடா இது."

"சரி சரி. ஆனா அந்த நாலு மணியளவ எடுத்துடு."

"நாலு மணிக்குத்தான்டா பொண்ணு பாக்கப் போனேன். நெஜமா நடந்தது."

நாலு மணி அப்படியே நின்றது. சூசை வீட்டுக் குளியலறையில், எதிரொலி நன்றாக இருக்கும் என்பதால், ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, சூசையின் போனில் பதிவு செய்தார்கள். ஒன்பது தடவை. பத்தாவது தடவை சூசை கண்ணை மூடிக்கொண்டு பதில் வரியை எடுத்தார். செத்துப்போன தன் மனைவியை நினைத்தாரோ, சிலுவையடியை நினைத்தாரோ, குளியலறை ஒரு நிமிஷம் கோயில் மாதிரி ஆகிவிட்டது. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அதுவும் பதிவாகிவிட்டது. பிறகு வானொலியிலிருந்து வந்த செய்தியில் தாளம் அருமை என்று பாராட்டியிருந்தார்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. கணவர் பெயர், மனைவி பெயர், திருமணமான ஆண்டு. கடைசியில், மனைவியின் கைபேசி எண்.

"இதுக்கு என்னடா போடறது?" என்றார் சூசை. "என் நம்பர அனுப்பறவர்னு ஏற்கெனவே போட்டாச்சு."

லூர்துபிரகாஷுக்கு உலகத்தில் ஒரே ஒரு எண்தான் மனப்பாடம். தன் சொந்த எண்கூடத் தெரியாது. யாராவது கேட்டால் மனைவியிடம் கேட்டுச் சொல்லுவார். அந்த ஒரே எண்ணை, பத்து இலக்கத்தையும், யோசிக்காமல் கடகடவென்று சொன்னார். சூசையும் யோசிக்காமல் தட்டினார். இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுகிற லட்சணம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சூசையின் போனுக்குச் செய்தி வந்தது. தேர்வாகிவிட்டது. வருகிற சனிக்கிழமை ஆறரை மணி. அனுப்பியது தாமரைச்செல்வி என்கிற நிகழ்ச்சிப் பொறுப்பாளர். சேலத்துப் பெண், ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஐயாவின் குரல் மனதை என்னவோ செய்கிறது என்று எழுதியிருந்தாள். வேறு எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்கும்.

லூர்துபிரகாஷ் அதைப் பதினேழு தடவை படித்தார். அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் படவில்லை. ஷேவ் செய்தார், தினமும். மீன்கூடைக்காரம்மாவிடம், "நல்லாருக்கியாம்மா?" என்று கேட்டார், அவள் பயந்துபோய் வீட்டுக்குப் போன் போட்டாள். சனிக்கிழமை ஆறரைக்கு ஊரே தன்னைக் கேட்கும். அதற்கப்புறம் தெருவில் நடந்தால் நின்று பேசுவார்கள். உடம்பு சரியில்லாதவர்கள்கூட, "லூர்துவ வரச்சொல்லு, ஒரு பாட்டுப் பாடட்டும்" என்பார்கள். லினெட் போன் செய்வாள். இதையெல்லாம் படுத்துக்கொண்டே யோசிப்பார், இருட்டில் சிரிப்பார். பக்கத்தில் சகாயசெல்வி படுத்திருப்பாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

ஒரே ஒரு சிக்கல். அவள் கேட்டுவிடக் கூடாது. தன் பெயரில் ஒரு மீசைக்காரன் பாடுவதை எந்தப் பெண்டாட்டிதான் பொறுத்துக்கொள்வாள்?

"சகாயம், காலாப்பட்டுல உன் தங்கச்சிக்கு மூட்டு வலின்னியே."

"ஆமா."

"சனிக்கிழமை ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாயேன். சாயங்காலமா. ராத்திரி தங்கிட்டுக்கூட வா."

"சரி, போறேன்."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷ அனுபவம் உள்ளவர். வரவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்குச் சகாயசெல்வி பையோடு கிளம்பினாள். லூர்துபிரகாஷ் குளித்தார், வெள்ளைச் சட்டை போட்டார், போனை முழுக்கச் சார்ஜ் ஏற்றி மேஜைமேல் சாய்த்து வைத்து, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரேடியோ கேட்பதற்கு யாராவது வெள்ளைச் சட்டை போடுவார்களா? அவர் போட்டார். அஞ்சே முக்காலுக்குத் துக்க மணி அடிக்க ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். தனக்கில்லை என்று ஞாபகம் வந்து உட்கார்ந்தார். போன் அடித்தது.

"லூர்து, ஃபாத்திமா போயிட்டாடா" என்றார் பங்குச் சாமியார்.

பட்டன் ஃபாத்திமா. ஃபாத்திமா மாதா பெயர் வைத்த பங்குப் பெண், பின்தெருவில் ஒற்றை அறையில் இருந்தவள். தையல்காரி என்று சொல்ல முடியாது. தையல்காரர்கள் தைத்து முடித்த துணிக்குப் பட்டனும் கொக்கியும் வைத்துக் கொடுப்பாள். பங்கில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் கடைசிப் பட்டன் அவள் கை வைத்ததுதான். லூர்துபிரகாஷின் கல்யாணத்தன்று கோட்டுப் பட்டன் ஒன்று கோயில் வாசலில் வைத்து அறுந்து உருண்டது. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடிவந்து, அவரை நிற்கவைத்தே தைத்துவிட்டு, "மூச்சு விடாத, குத்திடும்" என்றவள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை.

"சாமி, நான்தான் விட்டுட்டேனே."

"தெரியும். புது உபதேசியார் இருக்காரு, படிப்பாரு. ஆனா போன வாரம் மாதிரி பேர மாத்திப் படிச்சார்னு வச்சுக்க, அவளுக்கு வர்ற பத்துப் பேரும் வேற வீட்டு வாசல்லதான் போய் நிப்பாங்க."

"எத்தன மணிக்கு சாமி?"

"ஆறரைக்கு. அப்பத்தான் சனம் வேல விட்டு வந்திருக்கும்."

"ஏழு மணிக்கு வச்சுக்கலாமா?"

"ஏழுக்குப் பூச ஆரம்பிச்சிடும்டா. நாளைக்குக் காலையிலயே அடக்கம். ஏன், ஆறரைக்கு எங்கனா போவணுமா?"

லூர்துபிரகாஷ் மேஜைமேல் போனைச் சாய்த்து வைத்திருந்த பென்சில் டப்பாவையும் எதிரே போட்டிருந்த நாற்காலியையும் பார்த்தார். தன்னுடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். கீழிருந்து மூன்றாவது பட்டன் வேறு நிறத்தில் இருந்தது.

"இல்ல சாமி. வர்றேன்."

போகும் வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பாடினவனே கேட்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஊர் கேட்கட்டும். ஊர் கேட்பதற்குத்தானே பாடியது.

சரியாக ஆறரைக்கு மைக் முன்னால் நின்றார். சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஓடினால் கடைசி வரியாவது கிடைக்கும். சீட்டில் இரண்டே வரிதான் எழுதியிருந்தது. மகன், மகள், மருமகன் என்று அடுக்க ஆளில்லாதவளுக்கு அவ்வளவுதான் எழுத முடியும். படித்து முடித்தார். மைக்கை அணைக்கப் போன கை நின்றது.

"ஃபாத்திமாவுக்குச் சொந்தம்னு சொல்லிக்க யாரும் இல்லை" என்று அந்த ஈரக் குரல் கோபுரத்திலிருந்து இறங்கியது. "உங்க கல்யாணத் துணிய எடுத்துப் பாருங்க. அதுல பட்டன் இன்னும் இருந்தா, நீங்கதான் சொந்தம். வந்துடுங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் சீட்டில் இல்லாததை அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

சாமியார் நிறுத்திப் பேசிவிட்டு அனுப்ப, வெளியே வந்தபோது ஏழடிக்கப் பத்து நிமிஷம். பாட்டு முடிந்திருக்கும். கோயில் வளைவைத் தாண்டித் தன் தெருவுக்குள் நுழைந்தார். எதிரில் டிபன் கடை மேனகா, ஒரு கையில் ரோஜா மாலை, இன்னொரு கையில் காபி பிளாஸ்க், ஃபாத்திமா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள் நின்றாள்.

"அண்ணே, பாட்டு பிரமாதம்ண்ணே."

லூர்துபிரகாஷ் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "கேட்டியாம்மா?"

"கேக்காம? மாவு கரைச்சிட்டு இருந்தேன். அப்பிடியே கைய எடுத்துட்டேன். ரெண்டாவது அடியில ஒரு இழு இழுத்தீங்க பாருங்க, எங்க வீட்டுக்காரரு கண்ணத் தொடச்சிக்கிட்டாரு. அவரு எங்கம்மா செத்தப்பகூட அழல."

"நெஜமாவா?"

"அக்கா கொரலும் என்னா கொரலு. வெண்ணெய்ல கத்தி போட்டாப்புல."

அக்கா என்றதும் சகாயத்தின் நினைப்பு வந்தது. அவளுக்குத் தெரிந்துவிடுமே. தெரியட்டும். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நாலடி நடந்திருக்க மாட்டார், எதிர்வீட்டு அம்மாவாசை, மில்லில் சூசையோடு வேலை பார்த்தவர், பேரனின் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் எழுந்தார்.

"முசே" என்று பழைய பிரெஞ்சு மரியாதையில் கூப்பிட்டார். "இங்க வா. கையக் குடு. இத்தன வருஷமா இந்தக் கொரல இப்பிடிப் பதுக்கி வச்சிருந்தியே."

"நல்லாருந்துச்சாண்ணே?"

"நல்லாருந்துச்சாவா? மில்லு சங்கு ஊதுனா ஊருக்கே ஒரு தெம்பு வரும் பாரு, அந்த மாதிரி இருந்துச்சு. இன்னொரு தபா போடச் சொல்லு."

மாடியிலிருந்து யாரோ கை தட்டினார்கள். மருந்துக் கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கிவந்து கை கொடுத்தார். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி ஸ்கூட்டியை நிறுத்தி, "சார், பாட்டு" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனாள். எல்லோரும் மாலையும் பிளாஸ்க்கும் ஊதுபத்தியுமாக ஃபாத்திமா வீட்டுப் பக்கம் போகிறார்கள். போகிற வழியில் அவரைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். லூர்துபிரகாஷ் தெருவின் நடுவில் நின்றார். கண்ணாடியைக் கழற்றி வெள்ளைச் சட்டையில் துடைத்தார். ஆறரை மணிக்கு ஒரே தெரு எப்படி ஒலிபெருக்கியையும் வானொலியையும் சேர்த்துக் கேட்டது என்று ஒரு கணக்குப்பிள்ளை மூளை கேட்டிருக்கும். அழுகிறவனுக்கு மூளை வேலை செய்யாது.

அப்போதுதான் சூசை வந்தார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க.

"ஏமாத்திட்டாங்கடா."

"யாரு?"

"ரேடியோக்காரங்கதான். நம்ம பாட்டப் போடவே இல்ல."

லூர்துபிரகாஷ் சிரித்தார். "நீ தூங்கியிருப்ப."

"தூங்கறதா? போனக் காதுல வச்சது வச்சபடி உக்காந்திருக்கேன். வில்லியனூர் ஜோடி ஒண்ணு பாடுச்சு. அப்புறம் பாகூர்லேர்ந்து ரெண்டு பேரு, அதுல பொம்பளைக்குச் சளி. அதோட நன்றி வணக்கம்னுட்டாங்க. நம்ம பேரக்கூடச் சொல்லல. பொண்டாட்டியாப் பாடினதுக்கு ஒரு மரியாத வேணாமா?"

"ஆனா எல்லாரும் கேட்டாங்களேடா. மேனகா கேட்டா. அம்மாவாசை அண்ணன் கேட்டாரு."

"என்னத்தக் கேட்டாங்க?"

லூர்துபிரகாஷ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திரும்பித் தெருவைப் பார்த்தார். அம்மாவாசை சைக்கிள் சக்கரத்தை மிக மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே பளபளத்த சக்கரத்தை. மருந்துக் கடைக்காரர் இல்லாத வாடிக்கையாளருக்கு மாத்திரை தேடிக்கொண்டிருந்தார். இந்தத் தெருவில் இத்தனை வீட்டு வாயையும் ஒன்றாகத் திறக்கவும் மூடவும் முடிந்த ஆள் ஒருத்திதான். அவள் இந்நேரம் காலாப்பட்டில் இருக்க வேண்டும்.

வீட்டில் விளக்கு எரிந்தது.

சகாயசெல்வி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். தலை ஈரமாக இருந்தது.

"வந்துட்டீங்களா. கை கால் கழுவிட்டு உக்காருங்க. சாப்ட்டுட்டு நான் திரும்பப் போவணும்."

"காலாப்பட்டு?"

"பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள ஆள் வந்துட்டாங்க. ஃபாத்திமாவக் குளிப்பாட்ட யாரும் இல்ல." தோசையைத் திருப்பினாள். "நல்லாச் சொன்னீங்க மைக்ல. வாசல் கொள்ளல சனம். எவளோ ஒருத்தி புருஷனோட கல்யாணக் கோட்டு ஒண்ணத் தூக்கிட்டு வந்துட்டா."

அவர் உட்கார்ந்தார். தட்டு வந்தது. தோசை வந்தது. பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"சகாயம், பாட்டு போடலியாம்."

"போடமாட்டாங்க."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான வேணாம்னேன்."

அடுப்பைக் கொஞ்சம் குறைத்தாள். குரலைக் குறைக்கவில்லை.

"செவ்வாக்கெழமை அந்தச் சேலத்துப் பொண்ணு போன் பண்ணுச்சு. மேடம், இந்த வயசுலயும் என்ன கொரல் மேடம்னுச்சு. எனக்கே தெரியாம எங்கடா பாடினோம்னு, அனுப்பும்மா கேப்போம்னேன். கேட்டுட்டு, இது நான் இல்லம்மா, எங்க வீட்டுக்காரரோட சிநேகிதரு, மீசை வச்சிருப்பாருன்னேன். பாவம், லைன் சரியில்லன்னு நெனச்சு ஹலோ ஹலோன்னுச்சு."

"தெருவுல எல்லாரும்..."

"வியாழக்கெழமை வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தேன். பாட்டெல்லாம் கேக்க வேணாம், கேட்டேன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்கன்னு. மேனகா ஓவராப் பேசியிருப்பா. அளவாப் பேசுடின்னுதான் சொன்னேன்."

தோசை ஆறிக்கொண்டிருந்தது. தேங்காய்ச் சட்னி தட்டில் ஓடி, வாழைக்காய் வறுவலோடு கலந்தது. லூர்துபிரகாஷ் அதை விரலால் தடுத்துப் பார்த்தார்.

"ஏன் சகாயம்?"

அடுத்த தோசைக்கு மாவை எடுத்தாள், கல்லில் ஊற்றினாள், கரண்டியால் இழுத்து வட்டமாக்கினாள்.

"லினெட் கல்யாணத்துல எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்கள்ல, அன்னைக்கு மண்டபத்துல எல்லாரும் மைக்கத்தான் பாத்தாங்க. நான் உங்க மூஞ்சியப் பாத்தேன். ஆறரைக்கு ரேடியோல உங்க கொரல் வந்திருந்தா, ஏழு மணிக்கு நம்ம வாசல்ல மாலையோட நின்னிருப்பாங்க. யாரு போனதுன்னு கேட்டிருப்பாங்க. இன்னொரு தபா அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியாது."

ஜன்னல் வழியே ஃபாத்திமா வீட்டு ஜெபமாலை கேட்டது. முன்னே ஒரு குரல், பின்னே நிறையக் குரல்கள். நிஜமாகவே நிறைய.

லூர்துபிரகாஷ் தோசையை இன்னும் கொஞ்சம் பிட்டு வைத்துவிட்டுப் பேசினார். பேசியபோது அந்தக் குரலில் கனமும் இல்லை, ஈரமும் இல்லை. யார் குரல் மாதிரியோ இருந்தது.

"அப்ப யாருமே கேக்கல."

"நான் கேட்டேன்ல."

அவர் நிமிர்ந்தார். "முழுசா?"

"முழுசா."

"ஒரு தடவையா?"

"நாலு தடவ. அந்த நாலு மணியளவு வர்ற எடத்த மட்டும் அஞ்சு தடவ."

அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இந்த ஊர் வேண்டாம், லினெட் வேண்டாம், வானொலி வேண்டாம். இவள் ஒருத்தி கேட்டிருக்கிறாள். இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"எப்பிடி இருந்துச்சு?"

சகாயசெல்வி தோசையை எடுத்து அவர் தட்டில் போட்டாள்.

"சூசையண்ணன் நல்லாப் பாடியிருக்காரு" என்றாள்.